பதினான்காம் கலத்தில் எழுதியது

ஜூன் 3, சனி. காலை 148/92

டாக்டர் சொன்னதால் இந்த டைரி. தினமும் காலையில் இரத்த அழுத்தத்தைப் பார்த்து எழுத வேண்டும், கூடவே மனத்தை அலைக்கழித்தது எதுவோ அதையும் இரண்டு வரி எழுதினால் நல்லது என்றார். எனக்கு மனம் அலைகிற வழக்கம் கிடையாது. முப்பத்தொரு ஆண்டுகள் வருவாய்த் துறையில் இருந்து, பாளையங்கோட்டையில் துணை வட்டாட்சியராக ஓய்வு பெற்றவன் நான். வாரிசுச் சான்றிதழ் மட்டுமே ஆயிரக்கணக்கில் பார்த்திருக்கிறேன். ஒன்றிலாவது ஒரு கலம் காலியாக இருந்தது என்று யாரும் காட்ட முடியாது. படிவத்தில் காலியிடம் விட்டால் பின்னால் வருகிறவன் எதையாவது எழுதிவிடுவான். எழுத ஒன்றுமில்லை என்றால் 'பொருந்தாது' என்று எழுத வேண்டும். என் கீழ் வேலை பார்த்த அத்தனை பேருக்கும் இதைச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். வீட்டிலும் எல்லோருடைய படிவங்களையும் நான்தான் நிரப்புவேன்.

148-க்குக் காரணம் நேற்றைய நார்த்தங்காய் ஊறுகாய்.

தபாலில் ஒரு கடிதம் வந்தது. மதுரையில் உள்ள கருத்தரிப்பு மையம், என் மகன் குற்றாலநாதனின் குடும்பத்தாருக்கு எழுதியது. அவன் போய்ப் பத்து மாதம் ஆகிறது. புற்றுநோய்க்கு மருந்து ஏற்றத் தொடங்கினால் பிற்பாடு பிள்ளை பிறக்காமல் போகலாம் என்பதால், அதற்கு முன்பே அவனுடைய மேற்படி பொருளை அங்கே எடுத்து உறைய வைத்திருந்தார்கள். ஆறு குழல்கள் இருக்கின்றன. அவன் கொடுத்த ஒப்புதல் படிவத்தில், இறப்பு நேர்ந்தால் என்ன செய்வது என்ற பதினான்காம் கலத்தில் தெளிவான பதில் இல்லையாம். முப்பது நாளுக்குள் அவனுடைய விருப்பத்துக்கு எழுத்து மூலமான ஆதாரம் கொடுக்காவிட்டால் ஆறையும் அழித்துவிடுவார்களாம்.

கடிதத்தைப் பீரோவில் பழைய பட்டாக்களுக்கு அடியில் வைத்தேன். ஒளித்து வைக்கவில்லை. பரிசீலனைக்காக வைத்தேன்.

ஜூன் 5, திங்கள். 152/94

ரேஷன் கார்டைத் தேடுகிறேன் என்று பீரோவைக் குடைந்து, என் மனைவி கோமதி கடிதத்தை எடுத்துவிட்டாள். இரண்டு முறை படித்தாள். அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து கேட்டாள்.

"ஆறு கொழல்னா ஆறு பிள்ளையா?"

"அப்படிக் கெடையாது."

"பின்ன எப்படி?"

எனக்குத் தெரியவில்லை. துறை சார்ந்த விஷயம் என்று சொல்லி வைத்தேன்.

"செல்விட்ட சொல்லணும்லா. நீங்க சொல்லுங்க."

"மருமகட்ட மாமனார் பேசுத விஷயமா இது?"

"அப்ப எழுதிக் குடுங்க. ஒங்களுக்குத்தான் அது நல்லா வரும்லா."

அவள் சொன்னதிலும் ஒரு நியாயம் இருந்தது. உட்கார்ந்து எழுதினேன். 'பொருள்: மறைந்த தங்கள் கணவரின் மேற்படி பொருள் தொடர்பாக' என்று தொடங்கினேன். பார்வை ஒன்று, பார்வை இரண்டு எல்லாம் சரியாகத்தான் வந்தது. அதற்குக் கீழே ஒரு வரி ஓடவில்லை. மூன்று தாளைக் கிழித்துப் போட்டேன்.

ஜூன் 6, செவ்வாய். 160/98

எங்கள் மருமகள் ஆவுடைச்செல்வி கால்நடை மருத்துவர். வயது முப்பத்திரண்டு. தென்காசியில் இருக்கிற அவள் அண்ணன் வந்து கூப்பிட்டும் போகவில்லை. இங்கிருந்தால் ஆஸ்பத்திரி பக்கம் என்று காரணம் சொல்லி எங்களோடு இருக்கிறாள். காரணம் எதுவானால் என்ன, இருக்கிறாள்.

காலையில் அவள் தோசை சாப்பிடும்போது கடிதத்தைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, ஜன்னல் வழியாகப் பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டியைப் பார்க்கத் தொடங்கினேன்.

"இதுவா மாமா? எனக்குப் போன வாரமே மெயில்ல வந்துட்டு" என்றாள்.

தண்ணீர்த் தொட்டியை அவ்வளவு நேரம் பார்த்தது வீண்.

கோமதிக்கு ஒரே கவலைதான். "மதுரைல கரண்ட் போனா என்னத்துக்கு ஆவும்?"

"அதுக்குக் கரண்ட் வேண்டாம் அத்தே. திரவ நைட்ரஜன்ல முங்கிக் கெடக்கும். எங்க ஆஸ்பத்திரிலயும் பசு சினை பிடிக்கப் போடுத காளை ஊசிக்கு இதே சாமானந்தான். நூத்தித் தொண்ணூத்தாறு டிகிரி, மைனஸ்ல."

"அவனுக்கு ஐப்பசி மழைக்கே சளி பிடிக்குமே" என்றாள் கோமதி.

செல்வி தோசைத் தட்டைத் தள்ளி வைத்தாள். "செத்துப்போன காளையோட ஊசிய நாங்க இன்னும் போட்டுட்டுத்தான் இருக்கோம். முந்தாநாள்கூட ஒரு பசுவுக்குப் போட்டேன். காளைட்ட யாரும் சம்மதம் கேக்கல. ஒங்க மகன்ட்ட கேட்டிருக்காங்கல்லா, அதான் வித்தியாசம். பிள்ள வேணுமா வேண்டாமான்னு எனக்கே இன்னும் தெரியல. அந்தப் படிவத்த ஒரு தடவ கண்ணால பாக்கணும் மாமா."

படிவம் எதற்கு என்று கேட்டேன். மூல ஆவணத்தை எந்த அலுவலகமும் லேசில் வெளியே விடாது, வருடக்கணக்காகும், என் அனுபவத்தில் சொல்கிறேன் என்றேன்.

"நகல் போதும் மாமா" என்றாள்.

தோசை மாவில் உப்பு அதிகம். 160-க்கு அதுதான் காரணம்.

ஜூன் 9, வெள்ளி. 158/96

படிவம் இல்லாமலே காரியத்தை முடிக்க ஒரு வழி தோன்றியது. குற்றாலத்தின் வாரிசுச் சான்றிதழை எடுத்துக்கொண்டு தாலுகா அலுவலகம் போனேன். அங்கே இப்போது என் நாற்காலியில் இருப்பவன் சுடலைமுத்து. என்னிடம் வேலை கற்றவன். எழுந்து நின்று காபி வாங்கிக் கொடுத்தான். விஷயத்தைச் சொல்லி, மேற்படி பொருளும் வாரிசுகளைச் சேரும் என்று ஒரு வரி சேர்த்துத் தரச் சொன்னேன்.

அவன் பேனாவை மூடிவிட்டு யோசித்தான்.

"சார், இத அசையும் சொத்துல சேக்கவா, அசையாச் சொத்துல சேக்கவா?"

"உறைஞ்சு கெடக்கு. இப்ப அசையாது."

"எளகுனா அசையும்லா சார்?"

நான் காபியைக் குடித்து முடித்தேன். இது சொத்தே கிடையாது சார், சொத்தா இருந்தா நாளைக்குப் பங்கு கேட்டு ஒருத்தன் வருவான் என்றான். நான் கற்றுக்கொடுத்ததுதான். பிறகு இன்னொன்றும் சொன்னான். "அப்படியே பிள்ள பொறந்தாலும், அப்பா எறந்து ரெண்டு வருசம் கழிச்சுப் பொறந்ததா வரும். நம்ம படிவத்துல அதுக்கு எடமே இல்ல."

அது எனக்குத் தெரியும். பணியில் இருந்தபோது ஒரு பெண், கணவன் இறந்து பதினொரு மாதம் கழித்துப் பிறந்த குழந்தையை வாரிசாகச் சேர்க்க மனு கொடுத்தாள். கணக்கு உதைக்கிறது என்று குறிப்பு எழுதித் திருப்பி அனுப்பினேன். அவள் என்னைப் பார்த்து நின்ற விதம் இன்று பஸ்ஸில் வரும்போது ஞாபகம் வந்தது. அவளை உட்காரச் சொல்லி ஒரு வார்த்தை விசாரித்திருக்கலாம்.

ஜூன் 13, செவ்வாய். 168/100

இரண்டு தெரு தள்ளி இருக்கும் வக்கீல் பாக்கியநாதனிடம் செல்வியும் நானும் போனோம். நல்ல மனுஷன். கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லாமல் கேட்காததற்கும் சொல்வார்.

"சட்டம் இதுல முழுசாப் பேசல. எறந்தவருக்கு என்ன விருப்பம்னு பாப்பாங்க, அவ்வளவுதான். மையத்துல ஒரு குழு இருக்கு, அதுதான் முடிவு சொல்லும். பதினாலாவது கலம் காலியா இருந்தா நாம வாதாடலாம். சும்மாவா அங்க கொண்டு வச்சாரு, பொண்டாட்டியோட பிள்ள பெத்துக்கதான வச்சாருன்னு கேக்கலாம். ஏதாவது எழுதிக் கையெழுத்தும் போட்டிருந்தா கஷ்டம். எதுவும் செய்ய வேண்டாம்னு சொல்லிட்டாருன்னு எடுத்துக்கிடுவாங்க."

"அவங்க எழுதாம வேற யாராச்சும் எழுதியிருந்தா?" என்று செல்வி கேட்டாள்.

"அப்ப எழுதுனவரு வரணும். நான்தான் எழுதுனேன், அவரு எழுதலன்னு சத்தியம் பண்ணிப் பிரமாணப் பத்திரம் குடுக்கணும். குடுத்தா அந்தப் பதிலத் தள்ளிரலாம். யாரு நெரப்புனா அத?"

"ஆஸ்பத்திரில யாராவது குமாஸ்தாவா இருக்கும்" என்றேன். "அவங்களுக்கு ஒழுங்கா ஒரு படிவம் நெரப்பத் தெரியாது."

செல்வி என்னைப் பார்த்தாள். நான் இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்தேன். வெயில் அப்படி.

ஜூன் 16, வெள்ளி. 166/100

மாவு அரைத்தோம். வேறு ஒன்றும் இல்லை.

ஜூன் 19, திங்கள். 164/98

கோமதி மதுரை மையத்துக்கு இன்றோடு நான்காவது முறை போன் போட்டாள். தொலைக்காட்சியில் மதுரையில் சூறைக்காற்று என்று சொன்னார்களாம். கரண்ட் தேவையில்லை என்று செல்வி சொல்லியும் கேட்கவில்லை. அங்கே போனை எடுக்கிற பெண்ணுக்கு இவள் குரல் பழகிவிட்டது. "அம்மா, சார் நல்லா இருக்காரும்மா" என்கிறாளாம். போனை வைத்த பிறகு கோமதி அரை மணி நேரம் பாட்டு முணுமுணுத்துக்கொண்டே வெங்காயம் உரித்தாள். பத்து மாதமாக இந்த வீட்டில் யாரும் முணுமுணுத்ததுகூடக் கிடையாது.

இப்போது செல்விக்குத் தினமும் முருங்கைக்கீரை. "நான் இன்னும் ஒண்ணும் முடிவு பண்ணலத்தே" என்கிறாள் அவள். "கீரைக்கும் அதுக்கும் என்னா சம்பந்தம்" என்கிறாள் இவள். கீரை எனக்கும் பரிமாறப்படுகிறது.

ஜூன் 21, புதன். 172/104

மூன்று நாளாகப் பதினோரு மணிக்கு வாசலில் நின்று செம்பருத்திச் செடியைக் கவனித்து வருகிறேன். இன்று தபால்காரர் வந்தார். மையத்திலிருந்து ஒரு பழுப்பு உறை, செல்வியின் பெயருக்கு. அவள் வேலைக்குப் போயிருந்ததால் நானே கையெழுத்துப் போட்டு வாங்கிப் பத்திரமாக வைத்திருக்கிறேன். பட்டாக்களுக்கு அடியில்தான். அவள் களைத்து வருவாள், வந்ததும் வராததுமாகக் கொடுக்க வேண்டாம்.

டாக்டர் மாத்திரையைக் கூட்டியிருக்கிறார். மனத்தில் ஏதாவது பாரமா என்று கேட்டார். உப்பு என்றேன்.

ஜூன் 23, வெள்ளி. 174/104

இன்றும் களைத்து வந்தாள்.

ஜூன் 26, திங்கள். 178/106

இன்னும் ஒரு வாரந்தான் இருக்கிறது. கோமதி ஒரு நோட்டில் பெயர்கள் எழுதி வைத்திருப்பதைக் காலையில் பார்த்தேன். ஆண் பிள்ளைக்கு ஏழு, பெண் பிள்ளைக்கு ஒன்பது. எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு அவள் எதையும் எழுதி நான் பார்த்ததில்லை. எழுத்தெல்லாம் கோணலாக இருந்தது. இனியும் இதை எழுதாமல் இருந்தால் நான் மனுஷன் இல்லை.

அந்தப் படிவத்தை நிரப்பியது நான்தான்.

போன வருஷம் பிப்ரவரி மாதம். மதுரையில் அந்த மையத்தின் வராந்தாவில் வரிசையாக இரும்பு நாற்காலிகள். குற்றாலம் முகக்கவசம் போட்டுக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். செல்வி மருந்துக் கடைக்குப் போயிருந்தாள். அவனுக்கு ஊசி குத்திக் குத்திக் கை வீங்கியிருந்தது. குடுலே என்று படிவத்தை வாங்கி, ஒன்றிலிருந்து பதின்மூன்று வரை ஒரு அடித்தல் திருத்தல் இல்லாமல் நிரப்பினேன். ஒன்பதாவது கலம், சேமிப்பின் நோக்கம். அவன் சொல்லச் சொல்ல எழுதினேன், 'மனைவியுடன் குழந்தை பெறுவதற்கு'. பதினான்காவது, 'சேமிப்பாளர் இறக்க நேரிட்டால்'.

"அப்பா, அத மட்டும் என்ட்ட குடுங்க. நான் எழுதுதேன்" என்றான்.

"அது ஒனக்குப் பொருந்தாதுலே" என்றேன்.

அப்படியே எழுதியும் விட்டேன். பொருந்தாது. அவன் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு பேனாவை வாங்கி, வீங்கிய கையால் கீழே கையெழுத்துப் போட்டான்.

அந்தக் கலத்தைப் படிக்கவே எனக்குப் பயமாக இருந்தது. ஊரார் வீட்டுச் சாவுகளை எல்லாம் படிவத்தில் ஏற்றினவன், என் பிள்ளையை அந்தக் கட்டத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோகப் பயந்தேன். அவன் பயப்படவில்லை. அவனுக்கு ஏதோ சொல்ல இருந்தது. அவன் கேட்டு வாங்கப் பார்த்த இடத்தை நான் அடைத்துவிட்டேன். இனி யாரிடம் போய் அதைக் கேட்பது?

ஜூன் 27, செவ்வாய். பார்க்கவில்லை

பிரமாணப் பத்திரம் எழுதினேன். முதல் வரைவு நான்கு பக்கம் வந்தது. அதில் 'மேற்படி' மட்டும் நாற்பது இடத்தில் இருந்தது. பாக்கியநாதன் படித்துவிட்டு, "அண்ணாச்சி, இதுல நீங்க என்ன செஞ்சியன்னே இல்லையே" என்றார். திரும்ப எழுதினேன். மூன்று வரி.

'பதினான்காம் கலத்தில் பொருந்தாது என்று எழுதியது நான். என் மகன் தானே எழுதுவதாகக் கேட்டும் நான் கொடுக்கவில்லை. அவன் இறந்துபோவான் என்று எழுத என் கை வரவில்லை.'

பாக்கியநாதன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு முத்திரை வைத்தார்.

மாலையில் செல்வி வந்ததும் பிரமாணப் பத்திரத்தையும் பழுப்பு உறையையும் ஒன்றாகக் கொடுத்தேன். கோமதியையும் கூப்பிட்டு உட்கார வைத்தேன். இந்த முறை தண்ணீர்த் தொட்டியைப் பார்க்கவில்லை.

செல்வி பத்திரத்தைப் படித்தாள். உறையைப் பிரிக்கவே இல்லை.

"இதுவும் மெயில்ல வந்து ஆறு நாளாச்சு மாமா" என்றாள்.

நாட்டில் இனித் தபால் நிலையம் எதற்கு என்று எனக்குத் தெரியவில்லை.

"அதுக்கு முன்னாடியே எனக்குத் தெரியும். அன்னைக்கு மதுரைலருந்து பஸ்ல வரும்போதே அவங்க என்ட்ட சொல்லிட்டாங்க. ஒரே சிரிப்பு. சாகக் கூடாதுன்னு எங்கப்பா எனக்கு உத்தரவு போட்டுட்டாங்கன்னு சொல்லிச் சொல்லிச் சிரிச்சாங்க."

"அவன் என்ன எழுத நெனச்சானாம்?" என்று கேட்டேன்.

"நானும் கேட்டேன் மாமா. அதான் உத்தரவு ஆயிட்டே, அதுக்கு மேல நான் என்ன எழுதன்னுட்டாங்க. பொறவு நாங்க அதப் பேசல. பேசுததுக்கு நேரமும் இல்ல."

"பின்ன எதுக்கும்மா நகல் கேட்ட?"

"ஓரத்துல பென்சில்லயாவது ஏதாச்சும் கிறுக்கி வச்சிருப்பாங்களோன்னு ஒரு நப்பாசை. ஒண்ணும் இல்ல." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நீங்களா வந்து சொல்லட்டும்னும் இருந்தேன். இன்னும் ரெண்டு நாள் போனா நானே கேட்டிருப்பேன்."

கோமதி என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். உள்ளே போனவள் காபி கொண்டுவந்து வைத்தாள். அதில் சர்க்கரை இல்லை. அது மறதி இல்லை என்பது எனக்குத் தெரியும். முழுதும் குடித்தேன்.

ஜூலை 1, சனி. 156/94

பத்திரம் மதுரைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. கோமதி போன் போட்டு உறுதி செய்தாள். என்னோடு இன்னும் பேசவில்லை, சாப்பாட்டுக்குக் கூப்பிடுவது தவிர. காபியில் சர்க்கரை இன்று அரை ஸ்பூன்.

ஜூலை 12, புதன். 142/90

குழு ஒப்புக்கொண்டது. பதினான்காம் கலத்துப் பதிலைச் சேமிப்பாளருடையதாகக் கொள்ள முடியாது, ஒன்பதாவது கலத்தில் சொன்ன நோக்கம் நிற்கிறது, முடிவு மனைவியுடையது என்று எழுதியிருக்கிறார்கள். செல்விக்குப் புதிதாக ஒரு படிவம் இணைத்திருக்கிறார்கள். இந்த முறை எனக்கும் மெயிலிலேயே வந்தது. செல்வி என் போனில் போட்டுக் கொடுத்திருக்கிறாள்.

இரவுச் சாப்பாட்டுக்கு முன் அவள் எங்கள் இருவரையும் உட்கார வைத்துப் பேசினாள்.

"இப்ப எனக்குப் பிள்ள வேண்டாம். ஒரு வருசம் அது அங்கயே இருக்கட்டும். அடுத்த ஆனில நான் முடிவு பண்ணுதேன். பிள்ள வந்தாலும் அது ஒங்க மகன் கெடையாதுத்தே, அது வேற ஆளு. அத மொதல்ல நாம மூணு பேரும் புரிஞ்சுக்கிடணும். வேண்டாம்னு முடிவு பண்ணுனேன்னா நீங்க ரெண்டு பேரும் ஒரு வார்த்த கேக்கக் கூடாது."

கோமதி யோசித்தாள். "ஒரு வார்த்தையும் கேக்கக் கூடாதா?"

"கூடாது."

"மொகத்தப் பாக்கலாமா?"

"பாக்கலாம்."

"அப்ப சரி" என்றாள் கோமதி. முகத்தாலேயே எவ்வளவு கேட்க முடியும் என்பது நாற்பது வருஷமாக எனக்குத் தெரியும். செல்விக்கு அது போகப் போகத் தெரியும்.

பெயர் நோட்டை அவள் பீரோவில் பட்டாக்களுக்கு அடியில் வைத்ததைப் பார்த்தேன். எதற்கு என்று நான் கேட்கவில்லை.

ஜூலை 16, ஞாயிறு. 134/86

நாளை ஆடி பிறக்கிறது, கையெழுத்தெல்லாம் ஆனியிலேயே போட்டுவிட வேண்டும் என்று கோமதி காலையிலிருந்து ஒற்றைக் காலில் நின்றாள். மாடுகளுக்கெல்லாம் ஆடி மாதத்திலும் ஊசி போட்டுக்கொண்டுதான் இருக்கிறேன் என்று செல்வி சொல்லிப் பார்த்தாள். எடுபடவில்லை. குளித்துவிட்டுப் படிவத்தோடு சாப்பாட்டு மேஜைக்கு வந்தாள்.

பழக்கதோஷம். என் கை தானாகப் பேனாவை எடுத்து மூடியைக் கழற்றிவிட்டது. அவளும் தடுக்கவில்லை. பெயர், முகவரி, கணவர் பெயர், அவர் இறந்த தேதி. இறந்த தேதியையும் அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதினேன். பதின்மூன்று கலம் முடிந்தது.

பதினான்காவது. 'விண்ணப்பதாரர் இறக்க நேரிட்டால்'.

கோமதி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். செல்வி முப்பத்திரண்டு வயதுப் பெண், எங்கள் வீட்டுப் பெண். என்ன வார்த்தை எழுதலாம் என்று என் கைக்குத் தெரியும். அந்த ஒற்றை வார்த்தையை எழுதிவிட்டால் இந்த வீட்டில் யாருக்கும் ஒன்றும் ஆகாது என்று இப்போதும் ஒரு நொடி தோன்றியது.

பேனாவை அவள் பக்கம் நீட்டினேன். "இத நீதாம்மா எழுதணும்" என்றேன்.

அவள் வாங்கிக்கொண்டாள். பரீட்சையில் பக்கத்துப் பிள்ளைக்குக் காட்டாமல் எழுதுகிற மாதிரி இடது கையால் மறைத்துக்கொண்டு எழுதினாள். ஒரு வார்த்தை இல்லை, நான்கைந்து வரி எழுதினாள். நடுவில் ஒரு தடவை சிரித்தாள், ஒரு தடவை மூக்கை உறிஞ்சினாள். நான் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் ஒரு காகம் உட்கார்ந்திருந்தது. எழுதி முடித்துக் கையெழுத்துப் போட்டுவிட்டு, அந்தக் கலம் தெரியாதபடி தாளை மடித்து என் பக்கம் தள்ளினாள்.

"சாட்சி போடணும் மாமா. படிச்சுப் பாக்கணும்னா பாருங்க."

பிரித்தால் போதும். மடிப்பு ஒன்றும் அழுத்தமானது இல்லை.

மடித்தபடியே வைத்து, கீழே என் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டேன். வாழ்நாளில் படிக்காமல் நான் போட்ட கையெழுத்து இது ஒன்றுதான்.